தொற்று எண்ணிக்கைக்கு வளைவு பொருத்துவது எப்படி: சிங்கப்பூர் எண்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் ஒரே நாளில் 1,426 பேருக்குக் கொவிட்-19 உறுதியானது. இது எப்போது உச்சம் தொடும், எப்போது இறங்கும் என்பதே அப்போது எல்லாருடைய கேள்வி. விடை சொல்வதாக மணி வடிவப் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. சிலவற்றில் முடிவுத் தேதிகூட அச்சடித்தாற்போல் இருந்தது.

அப்படியொரு வளைவை நீங்களே வரைவதற்கும், பிறர் வரைந்ததை எவ்வளவு நம்பலாம் என்று கணிப்பதற்கும் வேண்டிய எல்லாம் இதில் உள்ளன. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். கணிதத்தில் தேவைப்படுவது இயல் மடக்கையும் நேர்கோட்டின் சமன்பாடும். ஓ நிலையில் (உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வில்) கூடுதல் கணிதம் படித்தவர்களுக்கு, ஒரு வளைவை நேர்கோடாக மாற்றிச் சாய்வைப் படிக்கும் அந்தப் பாடம் நினைவிருக்கும். அதை எதற்குப் படித்தோம் என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு இங்கே விடை கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைவைப் பொருத்துவது அரை மணி நேர வேலை. யாரை, எப்படி எண்ணினார்கள் என்று தெரிந்துகொள்வதே பெரிய வேலை. உச்சம் கடப்பதற்கு முன் எந்த வளைவும் மொத்த எண்ணிக்கையைச் சொல்லாது. சொல்வதுபோல் தோன்றினால் அது ஊகம்.

முதல் படி: எந்த எண்ணை எடுப்பது

சுகாதார அமைச்சின் 2020 அறிக்கைகளில் புதிய தொற்றுகள் மூன்றாகப் பிரிந்திருக்கும்: வெளிநாட்டிலிருந்து வந்தவை, சமூகத்தில் பரவியவை, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கண்டறிந்தவை. இம்மூன்றையும் கூட்டிய ஒற்றை எண்தான் செய்தித் தலைப்புக்கு வந்தது. வளைவு பொருத்துவோர் அந்தக் கூட்டுத்தொகையைத் தொடவே கூடாது.

காரணம் எளிது. 2020இல் இத்தீவில் நடந்தது ஒரு பரவலன்று, இரண்டு. பொங்கோலின் எஸ்11 போன்ற விடுதிகளில், ஓர் அறையில் பத்துக்கும் மேற்பட்டோர் படுத்துறங்கும் இடத்தில், பரவல் ஒரு வேகத்தில் போனது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வேறு வேகம். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த சர்க்கியூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு சமூகத் தொற்றை ஏப்ரல் முடிவதற்குள்ளாகவே இறக்கத் தொடங்கியது. அதே நாள்களில் விடுதி எண்கள் உச்சத்தில் நின்றன. கூட்டுத்தொகையில் இது தெரியாது. டிசம்பர் நடுவில் கணக்கெடுத்தபோது பிசிஆர் சோதனையில் உறுதியான விடுதி ஊழியர்கள் 54,505 பேர். சமூகத்திலோ அந்த ஆண்டு முழுவதும் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டியது. இரண்டையும் ஒரே வளைவில் போட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த தொற்றுகளை முற்றாக நீக்கிவிடுங்கள். அவை இங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி வளர்ந்தவை அல்ல. விமானங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குபவை.

அடுத்து, சோதனை. அந்த 54,505 பேரைத் தவிர மேலும் 98,289 ஊழியர்களுக்கு முன்னரே தொற்று வந்துபோனது ரத்தப் பரிசோதனையில் பிற்பாடு தெரிந்தது. இரண்டும் சேர்ந்து விடுதிவாசிகளில் 47 விழுக்காடு. ஆக, பிசிஆர் எண்ணுக்கு எவ்வளவு அழகாக வளைவு பொருத்தினாலும் அது தொடும் எல்லை, உண்மையில் தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 2020இல் ஒரு கட்டத்தில் தொற்று மிகுந்த சில விடுதிகளில், அறிகுறி உள்ளவரைச் சோதனைக்குக் காத்திராமல் முதலில் தனிமைப்படுத்தினார்கள். மருத்துவ ரீதியில் அது சரியான முடிவு. ஆனால் அந்த வாரங்களின் எண்கள் பரவலின் வேகத்தைக் காட்டவில்லை, சோதனை எவ்வளவு நடந்தது என்பதைக் காட்டின.

இன்னொன்று: 2020 ஆகஸ்ட் 5 அன்று திடீரென 908. தனிமைக்காலம் முடியும் ஊழியர்களை மொத்தமாகச் சோதித்ததன் விளைவு அது. இறங்கிக்கொண்டிருந்த வாலில் இப்படி ஒரு மேடு தெரிந்தால், புதிய அலை என்று சமன்பாட்டில் சேர்க்குமுன் அன்றைய செய்தி அறிக்கையைப் படியுங்கள்.

தேதியையும் கவனியுங்கள். அறிகுறி தொடங்கிய நாள், சோதித்த நாள், அறிவித்த நாள் மூன்றும் வேறு. முதலாவது கிடைத்தால் அதையே எடுங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் கிடைக்கும். அப்படியானால் உங்கள் வளைவு உண்மையைவிட ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: நாளை விட்டு வாரத்துக்கு வாருங்கள்

நாள் எண்கள் துள்ளும். வார இறுதியில் பல மருந்தகங்கள் (கிளினிக்குகள்) மூடியிருக்கும், திங்கட்கிழமை கூட்டம் குவியும், செவ்வாய்க்கிழமை அறிவிப்பில் எண் எகிறும். ஓமிக்ரான் அலையின் சாதனை எண்ணான 26,032 பதிவான 22 பிப்ரவரி 2022 ஒரு செவ்வாய்க்கிழமை. டெல்டா அலையின் 5,324 (27 அக்டோபர் 2021) வேறு வகை: ஆய்வுக்கூடங்களில் பிற்பகலில் சில மணி நேரத்துக்குள் முடிவுகள் மொத்தமாக வந்து சேர்ந்ததே பெரும்பாலும் காரணம் என்று அமைச்சே விளக்கியது. உச்ச நாள் எது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும். உச்ச வாரம் எது என்று கேளுங்கள்.

ஏழு நாளைக் கூட்டி ஒரு வார எண்ணாக்குங்கள். பிறகு இந்த வாரத்தை முந்தைய வாரத்தால் வகுங்கள். 2021 இறுதியில் சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்ட வாராந்தரத் தொற்று வளர்ச்சி விகிதம் இதுவேதான். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏறுகிறது, கீழே போனால் இறங்குகிறது. கட்டுப்பாடுகளைத் தளர்த்த அது ஒன்றுக்குக் கீழே வர வேண்டும் என்று அமைச்சுகள்நிலைப் பணிக்குழு சொன்னதும் இந்த விகிதத்தைத்தான்.

விகிதம் 1.5 என்றால், அதன் இயல் மடக்கை 0.405. ஏழால் வகுத்தால் நாளுக்கு 0.058. அதனால் 0.693ஐ (2இன் இயல் மடக்கை) வகுத்தால் 12. அதாவது பன்னிரண்டு நாளில் எண்ணிக்கை இரட்டிக்கும். பல நேரங்களில் இந்த ஒரு கணக்கே போதும், வளைவே வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மடக்கை அளவில் வரையுங்கள்

செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றுங்கள். எக்செலில் அச்சின் மேல் வலச்சொடுக்கி ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும். கோடு நேராக ஏறினால் பரவல் தடையின்றிப் பெருகுகிறது. வலப்புறம் சாயத் தொடங்கினால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அப்படிச் சாய்வதே தெரியாத நிலையில் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: எந்த வளைவு

மூன்று வளைவுகளே அடிக்கடி வரும்.

மணி வளைவு மூத்தது. 1840இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், இங்கிலாந்தின் பெரியம்மை மரணங்கள் இயல்நிலைப் பரவலைப்போல ஏறி இறங்குவதைக் காட்டினார். 1866இல் மாட்டுக் கொள்ளைநோய் உச்சத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது, அது விரைவில் தானே இறங்கும் என்று செய்தித்தாளுக்கு எழுதினார். இறங்கியது. அவர் செய்த தந்திரத்தை இன்றும் தாளில் செய்யலாம். வார விகிதங்கள் 2, 1.6, 1.28 என்று வருவதாக வையுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல 0.8 மடங்கு. அப்படியே தொடர்ந்தால் அடுத்தவை 1.02, 0.82. ஆக, உச்சம் இன்னும் ஓரிரு வாரத்தில். விகிதத்தின் மடக்கை நேர்கோடாக இறங்கினால் உங்கள் எண்கள் மணி வளைவைப் பின்பற்றுகின்றன. அந்தக் கோடு பூச்சியத்தை வெட்டும் இடம் உச்சம்.

மணி வளைவின் குறை, ஏறிய வேகத்திலேயே இறங்கும் என்று அது நினைப்பது. மனிதத் தொற்றுகள் அப்படி இறங்குவது அபூர்வம். வால் நீளும்.

லாஜிஸ்டிக் வளைவை 1838இல் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகைக்காக எழுதினார். மொத்த எண்ணிக்கை ஆங்கில எஸ் எழுத்துப்போல் ஏறி ஓர் எல்லையில் தட்டையாகும். தொற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பம்பாய் வழியாக வந்தது. 1927இல் கெர்மாக்கும் மெக்கென்டிரிக்கும் தொற்றுப் பரவலின் கணிதத்தை எழுதியபோது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் நிகழ்ந்த பிளேக் மரணங்களைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்கள். வார மரணங்கள்: 890ஐ, (0.2 × வாரம் − 3.4) என்பதன் அதிபரவளைவுச் சீக்கண்டின் வர்க்கத்தால் பெருக்கு. பயமுறுத்தும் பெயர், ஆனால் உள்ளே இருப்பது லாஜிஸ்டிக்கின் வாராந்தர ஏற்றமே. பிரித்துப் பார்த்தால் உச்சம் 17ஆம் வாரம், அதில் 890 பேர், மொத்தம் 8,900 அளவில்.

புள்ளிகள் வளைவின் மேல் கச்சிதமாக அமர்ந்தன. ஆனால் பம்பாய் பிளேக் ஒருமுறை வந்து அடங்கிய நோயன்று. ஆண்டுதோறும் பருவத்தோடு வந்தது. எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வெப்பநிலையும் சேர்ந்து அதை ஏற்றி இறக்கின. அந்தக் கணக்கில் இவை எதுவும் இல்லை. வளைவு பொருந்துவதால் காரணம் புரிந்துவிட்டதாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கோம்பர்ட்ஸ் 1825இல் ஆயுள் காப்பீட்டுக்காக எழுதியது மூன்றாவது. வேகமாக ஏறி, மெதுவாக இறங்கும். 2020இல் நோபெல் பரிசாளர் மைக்கல் லெவிட் உள்படப் பலர் இதைப் பயன்படுத்தினார்கள். லாஜிஸ்டிக்கில் உச்சத்தின்போது மொத்தத்தில் பாதி நடந்து முடிந்திருக்கும். கோம்பர்ட்ஸில் 37 விழுக்காடுதான். உச்சத்தில் நிற்கும்போது இதுவரை 5,000 என்றால், முதலாவது 10,000 என்று சொல்லும், இரண்டாவது 13,600 என்று சொல்லும். அன்றைய தரவு இரண்டையும் ஏற்கும்.

ரிச்சர்ட்ஸ் வளைவு என்று ஒன்று உண்டு. லாஜிஸ்டிக்கோடு சமச்சீரின்மைக்கு ஓர் அளவுரு (தரவிலிருந்து நாம் தேட வேண்டிய எண்) கூடுதல். தரவு நிறைய இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் அந்தக் கூடுதல் அளவுரு எங்கு வேண்டுமானாலும் ஓடும்.

ஐந்தாம் படி: தாளில் பொருத்திப் பார்ப்பது

விளக்கத்துக்காக நானே உருவாக்கிய எண்கள் இவை. தொடக்கத்தில் 100 பேர். பிறகு வாரந்தோறும் புதியவர்கள்:

99, 195, 368, 662, 1083, 1518, 1731, 1564, 1142, 710

எக்செலில் முதல் நிரலில் வாரம், இரண்டாவதில் புதியவர், மூன்றாவதில் வார இறுதி மொத்தம். நான்காவதில் வாரத் தொடக்க மொத்தம், இறுதி மொத்தம் இரண்டின் சராசரி. ஐந்தாவதில் புதியவரைச் சராசரி மொத்தத்தால் வகுங்கள். இதைப் பங்கு என்போம். நான்காம் வாரத்துக்கு: புதியவர் 662, மொத்தம் 762இலிருந்து 1,424க்கு ஏறியது, சராசரி 1,093, பங்கு 0.606.

இப்போது கிடைமட்டத்தில் சராசரி மொத்தம், செங்குத்தில் பங்கு என்று புள்ளியிடுங்கள். லாஜிஸ்டிக் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் இறங்கும். ஏனெனில்:

பங்கு = தொடக்க வேகம் × (1 − மொத்தம் ÷ எல்லை)

அந்தக் கோடு கிடைமட்ட அச்சை வெட்டும் இடமே எல்லை. மூன்றாம் வாரத்தையும் ஏழாம் வாரத்தையும் இணைத்தால் வெட்டும் இடம் ஏறத்தாழ 10,300. நான் இந்த எண்களை உருவாக்கியபோது வைத்த எல்லை 10,000. நல்ல பொருத்தம்.

இனிதான் விஷயம். இன்று நான்காம் வாரம், பின்னால் வருபவை தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மூன்றாம், நான்காம் வாரப் புள்ளிகள் மட்டும். கோட்டை நீட்டினால் எல்லை 11,200. பரவாயில்லை. ஆனால் நான்காம் வாரத்தில் 662க்குப் பதில் 690 பேர் பதிவாகியிருந்தால்? எல்லை 25,800. 634 என்றால்? 7,100. வெறும் 28 பேர், அதாவது 4 விழுக்காடு வேறுபாடு. ஓர் ஆய்வுக்கூடம் ஒரு நாள் தாமதித்தால்கூட இவ்வளவு மாறும். எல்லையோ மூன்றரை மடங்கு நகர்கிறது.

எட்டாம் வாரத்தில், உச்சம் கடந்தபின், அதே 4 விழுக்காட்டுப் பிழையைப் போட்டுப் பாருங்கள். ஏழாம், எட்டாம் வாரங்களை இணைக்கும் கோடு 9,500க்கும் 10,500க்கும் இடையில்தான் வெட்டும். தரவின் தரம் ஒன்றே, மாறியது நாம் நிற்கும் இடம்.

கோம்பர்ட்ஸுக்கான சோதனையும் இதே தாளில் உண்டு. பங்கின் மடக்கையை வாரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடாக இறங்கினால் கோம்பர்ட்ஸ். எல்லையைக் காண, கடைசிப் பங்கைச் சாய்வால் (கழித்தல் குறி இன்றி) வகுத்து, இயல் மடக்கையின் அடிமானத்தை அந்த அளவுக்கு அடுக்கேற்றி, சராசரி மொத்தத்தால் பெருக்குங்கள். ஏழாம், எட்டாம் வாரங்களை வைத்தால் ஏறத்தாழ 12,000 வரும். மூன்றாம், நான்காம் வாரங்களை வைத்தால் வருவது 200 மில்லியனுக்கு மேல். சிங்கப்பூரின் மக்கள்தொகை 2020இல் 5.7 மில்லியன். இந்த விடையைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் 11,200 என்ற லாஜிஸ்டிக் விடையும் அதே நாளில், அதே தரவிலிருந்து வந்தது. அது நியாயமாகத் தோன்றியதால் நம்மை ஏமாற்றியிருக்கும்.

மேலே உள்ள எல்லா வாரங்களையும் கோம்பர்ட்ஸ் சோதனையில் போட்டால் கோடு நேராக வராது, கீழ்நோக்கி மேலும் மேலும் வளையும். இந்தத் தரவுக்கு லாஜிஸ்டிக்தான் சரி என்பது அப்போது தெரியும். ஆனால் அந்த வளைவு கண்ணில் படுவதற்கு ஆறேழு வாரங்கள் ஆகின்றன.

ஆறாம் படி: கணினியிடம் கொடுப்பது

இரண்டு புள்ளிகளை இணைப்பது புரிந்துகொள்ள உதவும், முறையான வேலைக்கு ஆகாது. எக்செலில் சிறந்த மதிப்புகளைத் தேடித் தரும் சால்வர் கருவி போதும். மூன்று கட்டங்களில் எல்லை, வேகம், உச்ச வாரம். லாஜிஸ்டிக்கில் மொத்தம் = எல்லை ÷ (1 + EXP(வேகம் × (உச்ச வாரம் − வாரம்))). அவற்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் எதிர்பார்க்கும் புதியவர் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்: வார இறுதி மொத்தத்திலிருந்து வாரத் தொடக்க மொத்தத்தைக் கழித்தால் அது. உண்மைக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பால் வகுத்து, எல்லா வாரங்களுக்கும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும்படி சால்வரிடம் சொல்லுங்கள். எதிர்பார்ப்பால் வகுப்பது ஏனென்றால், 1,700 பேர் வந்த வாரத்தில் 40 பேர் பிசகுவதும் 100 பேர் வந்த வாரத்தில் 40 பேர் பிசகுவதும் ஒன்றல்ல.

பைத்தான் தெரிந்தவர்கள் சைபை நூலகத்தின் கர்வ் ஃபிட் செயல்கூற்றையும், ஆர் தெரிந்தவர்கள் என்எல்எஸ்ஸையும் எடுக்கலாம். எதுவானாலும் தொடக்க மதிப்புகளைக் கவனமாகக் கொடுங்கள். உச்சம் கடந்திருந்தால், உச்சத்தின்போதிருந்த மொத்தத்தைப்போல இருமடங்கு எல்லைக்கு நல்ல தொடக்கம். தாறுமாறாகக் கொடுத்தால் கணினி எங்கோ ஒரு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும்.

மொத்த எண்ணிக்கைக்கு நேரடியாக வளைவு பொருத்தாதீர்கள். புதியவர் எண்ணிக்கைக்கே பொருத்துங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மொத்தம் என்பது ஒருபோதும் இறங்காத, வழவழப்பான கோடு. எந்த எஸ் வடிவத்தையும் அதன்மேல் வைத்தால் பொருந்துவதுபோல் தெரியும், ஆர் வர்க்கம் (பொருத்தத்தை மதிப்பிடும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்று வரும். நேற்றைய பிழை இன்றைய மொத்தத்திலும் நாளைய மொத்தத்திலும் தொடர்வதால், பிழை வீச்சு உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும். 0.99ஐப் பெருமையாகப் போட்டிருக்கும் படத்தை நான் அதற்குமேல் படிப்பதில்லை.

வீச்சு காண எளிய வழி: ஒவ்வொரு வார எண்ணையும் சிறிது குலைத்து, மறுபடி பொருத்தி, இதை ஆயிரம் முறை கணினியைச் செய்யவிடுங்கள். கிடைக்கும் ஆயிரம் எல்லைகளில் நடுவிலுள்ள 90 விழுக்காடு உங்கள் வீச்சு. எவ்வளவு குலைப்பது என்பதில் தாராளமாக இருங்கள். தொற்று கொத்துக் கொத்தாக வருவது. 2021 ஜூலையில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலும் கேடிவி எனப்படும் கரவோக்கே கூடங்களிலும் அப்படித்தான் வெடித்தது. தற்செயல் எண்ணிக்கைகளுக்கு வழக்கமாக எடுக்கும் நிகழ்தகவு மாதிரியான பாய்சான் பரவல் அனுமதிப்பதைவிட எண்கள் அதிகமாகவே ஆடும். அந்தக் கூடுதல் ஆட்டத்தை ஏற்கும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் இதற்குப் பொருத்தம்.

எண்ணிக்கை சிறியதென்றால் இந்தப் படிக்கே வராதீர்கள். 2003இல் சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்றது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்து பலருக்கு, அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள், பரவியது. அதற்கு வழவழப்பான வளைவு வரைவதில் பொருளில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்ற மரம்தான் வரைய வேண்டும்.

ஏழாம் படி: மறைத்துச் சோதியுங்கள்

கடைசி மூன்று வாரங்களை மறைத்துவிட்டு மீதிக்குப் பொருத்துங்கள். மறைத்த வாரங்களை வளைவு எப்படிக் கணிக்கிறது? எளிய போட்டியாளர் ஒன்றையும் வையுங்கள்: கடைசி வார விகிதம் அப்படியே தொடரும் என்ற கணிப்பு. உங்கள் வளைவு அதை வெல்லாவிட்டால், அதை வரைந்து பயனில்லை. ஏறும் கட்டத்தில் பெரும்பாலும் வெல்லாது.

கணிப்புகள் சறுக்கிய இடங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐஎச்எம்இ ஆய்வு நிலையம், 2020 ஏப்ரலில் அந்நாட்டின் கொவிட் மரணங்களுக்கு மணி வளைவைப் பொருத்தி, ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் மொத்தம் 60,000 அளவில் நிற்கும் என்றது. அந்த எண் ஏப்ரல் முடிவதற்குள்ளாகவே வந்துவிட்டது. ஏறிய வேகத்தில் இறங்கும் என்ற கருதுகோள்தான் குற்றவாளி. மே தொடக்கத்தில் அவர்கள் முறையையே மாற்றினார்கள். அதற்கு முப்பதாண்டு முன்பு, 1990இல், ஃபாரின் விதியை எய்ட்ஸுக்குப் போட்ட ஆய்வு, அமெரிக்காவில் மொத்தம் 200,000 நோயாளிகள் அளவோடு அடங்கும் என்றது. நடந்தது அதைப்போலப் பல மடங்கு.

நம் ஊரிலும் ஒன்று. 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று பல நாடுகளுக்கு முடிவுத் தேதி கணித்து இணையத்தில் வெளியிட்டது. இந்தியாவில் மே மாதத்துக்குள் 97 விழுக்காடு முடிந்துவிடும் என்ற வரி இங்கிருந்து தமிழ்நாடு வரை பறந்தது. இந்தியாவின் முதல் அலை உச்சம் தொட்டது செப்டம்பர் நடுவில், நாளுக்கு 97,000க்கும் மேல். கணிப்போடு எச்சரிக்கைகளும் இருந்தன. பகிர்ந்தவர்கள் தேதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைத் தேதியை அச்சிட்டால் அதுதான் நடக்கும். ஆகவே நீங்கள் பகிரும் படத்தில் வீச்சைப் படத்துக்குள்ளேயே நிழலாகப் போட்டுவிடுங்கள். எந்தத் தேதிவரை தரவு, எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதையும் உள்ளேயே எழுதுங்கள். தலைப்பில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

விதிகள் மாறும்போதும் வளைவு உடையும். ஏப்ரல் 7க்கு முந்தைய எண்களுக்கு ஊரடங்கைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு கட்டுப்பாட்டின் விளைவு அறிவிப்பு எண்களில் தெரியப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரவைப் பிரித்துத் தனித்தனியே பொருத்துங்கள்.

எட்டாம் படி: அலைமேல் அலை

டெல்டா முற்றாக அடங்குவதற்குள் ஓமிக்ரான் வந்தது. இரண்டையும் ஒரே எஸ் வளைவில் அடைக்க முடியாது. இரு லாஜிஸ்டிக் வளைவுகளின் கூட்டலாக எழுதி, ஆறு அளவுருக்களைச் சால்வரிடம் கொடுங்கள். இரண்டாவது வளைவைச் சேர்க்க வெளியிலிருந்து ஒரு காரணம் வேண்டும்: புதிய திரிபு, விதித் தளர்வு, சோதனை முறை மாற்றம். படத்தில் ஒரு மேடு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. சேர்த்துக்கொண்டே போனால் எதையும் பொருத்தலாம்.

2022இல் இன்னொரு சிக்கல். ஏஆர்டி (வீட்டிலேயே செய்யும் விரைவுச் சோதனை) கருவியில் இரண்டு கோடு பார்த்துவிட்டு, மருத்துவரிடம் போகாமல் வீட்டிலேயே இருந்தவர்கள் எந்த எண்ணிலும் இல்லை. அதனால் டெல்டா உச்சத்தையும் ஓமிக்ரான் உச்சத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது ஆபத்து. இப்படிப்பட்ட காலத்துக்கு மருத்துவமனைப் படுக்கை எண்களுக்கு வளைவு பொருத்துவது மேல். எண் சிறியது, தாமதமானது, ஆனால் எண்ணும் முறை அவ்வளவாக மாறவில்லை. கழிவுநீரில் கிருமியின் அளவைப் பார்க்கும் கண்காணிப்பும் இங்கே விரிவடைந்தது. அது யார் சோதனைக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்ததன்று.

பயிற்சிக்கு: டெங்கி

கொவிட் தரவில் பழகுவதைவிட டெங்கி நல்லது என்பது என் எண்ணம். தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கி எண்களை வாரக்கணக்கிலேயே தருவதால் செவ்வாய்க்கிழமைச் சிக்கல் இல்லை. 2020இல் டெங்கி 35,000ஐத் தாண்டியது. அந்த ஆண்டின் முதல் இருபது வாரங்களை மட்டும் எடுத்து, லாஜிஸ்டிக், கோம்பர்ட்ஸ் இரண்டையும் பொருத்தி, ஆண்டு மொத்தம் என்ன என்று எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமாகத் திறந்து, எல்லை எப்படி நகர்கிறது என்று தனி நிரலில் பதியுங்கள். அந்த நிரலையே ஒரு படமாக வரைந்தால், எந்த வாரத்திலிருந்து கணிப்பு நிலைகொள்கிறது என்பது தெரியும்.

தொடங்குமுன் ஒன்று. டெங்கி பூச்சியத்திலிருந்து கிளம்பாது, ஆண்டின் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த அடித்தள எண்ணை நான்காவது அளவுருவாகச் சேர்த்து, ஒவ்வொரு வாரத்தின் எதிர்பார்ப்போடும் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேகம் உண்மையைவிடக் குறைவாகவும் எல்லை தாறுமாறாகவும் வரும்.